இறங்காத பிடி

ரம்பம் ஓடும் சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. மரத்துக்குள் இறங்கினால் ரம்பத்தின் குரல் கம்மிப்போகும். இது கம்மவே இல்லை. ஒரே சீராக, பசித்த மாதிரி இரைந்துகொண்டிருந்தது.

"மரமே இல்லாம ஓட விட்டிருக்காங்க. கரண்ட் என்ன மாமனார் கொடுத்த சீரா?" என்றான் ரேடியோ.

முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போன பெண் திரும்பாமலே பதில் சொன்னாள். "சும்மா ஓடலைங்க. என் வீட்டுக்காரர் கைக்காகக் காத்துக்கிட்டிருக்கு."

அதற்குப் பிறகு ரேடியோ கொஞ்ச தூரம் வாயைத் திறக்கவில்லை. அது அவனுக்கே புதிதாக இருந்தது. ரேடியோ என்பதே ஓயாமல் பேசுவதால் வந்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே மறந்துகொண்டு வந்தது. பக்கத்தில் வக்கீலம்மா நடந்து வந்தார். கறுப்பு கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்து வெகுகாலமாகியும் எல்லோரும் அவரை அப்படித்தான் அழைத்தார்கள். அவர் பேசாமல் இருக்கும் நேரங்கள் நீளமானவை. அந்த நீளத்தைத் தாங்க முடியாமல்தான் ரேடியோ பேசுகிறான் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் பொய்யில்லை.

நடந்ததை அந்தப் பெண் வழியிலேயே மூச்சு வாங்க வாங்கச் சொல்லியிருந்தாள். பிடி உடைந்த பழைய தச்சுக் கருவிகளுக்குப் புதுப்பிடி போட்டுக் கொடுக்கும் பட்டறை அது. உளி, வாய்ச்சி, கோடாலி, இழைப்புளி எதுவானாலும் அங்கேதான் வரும். அண்ணன் முதலாளி. தம்பி வேலைக்காரனைப் போல. அந்தத் தம்பியின் மனைவிதான் இவள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முதலாளி பட்டறைத் தரையில் மல்லாந்து கிடந்தார், நெஞ்சில் உளியோடு. உளியின் பிடி தம்பியுடையது. முதலாளியின் மகன் போலீஸைக் கூப்பிடவில்லை. சித்தப்பனை அடித்து இழுத்துப்போய் ரம்ப மேஜையில் கட்டினான். குத்தின கையை முதலில் எடுத்துவிட்டு மற்றதைப் பிறகு யோசிக்கலாம் என்றான்.

"போலீஸுக்கு நாங்க சொல்லியாச்சும்மா, கிளம்பிட்டாங்க," என்றான் ரேடியோ ஆறுதலாக. "ஆனா அவங்க வர்ற வேகத்துக்கு அறுத்த கை திரும்ப முளைச்சிடும்."

வக்கீலம்மா அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் வாயை மூடிக்கொண்டான்.

பட்டறைக் கதவு சாத்தியிருந்தது. ரேடியோ தோளால் முட்டித் திறந்தான்.

உள்ளே மரத்தூள் புகையாக மிதந்தது. சுவர் முழுக்கப் பலகை, பலகை முழுக்கப் பிடியில்லாத இரும்பு. துருப்பிடித்த கோடாலித் தலைகளும் வளைந்த வாய்ச்சிகளும் வரிசையாகப் பல்லை இளித்தன. எதிர்ச் சுவரில் எண்ணெய் பூசிய புதுப்பிடிகள் காய்ந்துகொண்டிருந்தன. நடுவில் ரம்ப மேஜை. அதன்மேல் ஒரு மனிதர் குப்புறக் கிடந்தார். இரண்டு கைகளும் முன்னால் நீட்டிக் கட்டப்பட்டிருந்தன. விரல் நுனிக்கும் சுழலும் பற்களுக்கும் நடுவே ஒரு தீப்பெட்டி வைக்கலாம். முகம் வீங்கி, ஒரு கண் மூடியே போயிருந்தது.

மேஜையருகில் மகன்காரன் நின்றான். கையில் தலை மாட்டாத ஒரு கோடாலிப் பிடி. அடித்து அடித்து அவன் விரல் முட்டிகளே தோலுரிந்திருந்தன. அதன்மேல் ஒரு கிழிசலைச் சுற்றியிருந்தான். அவனுக்குப் பின்னால் ரப்பர் கையுறை போட்ட இன்னொருவன், அந்த வீட்டு மாப்பிள்ளை. பிடிகளுக்குச் சாயம் பூசுவது அவன் வேலை. தம்பி மனைவியின் வலது கையிலும் துணிக்கட்டு இருந்தது. காய்ச்சிய வச்சிரப் பசை கொட்டிவிட்டதாக வழியில் சொல்லியிருந்தாள். காயமில்லாத கை அந்தப் பட்டறையில் இருக்காது போலிருக்கிறது என்று ரேடியோ நினைத்துக்கொண்டான்.

"யாரு இவங்க?" என்றான் மகன்காரன்.

"ஊர்ல நல்ல மரம் அறுக்கிற இடம் எதுன்னு விசாரிச்சோம், இங்க அனுப்பி..."

ரேடியோ முடிக்கவில்லை. கோடாலிப் பிடி காற்றைக் கிழித்துக்கொண்டு வந்து அவன் தோள்பட்டையில் இறங்கியது. கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ வெடித்தது. மண்டியிட்டு விழுந்தான். உதடு மேஜைக் காலில் மோதி உப்புக் கரித்தது.

"அடுத்தது மண்டைல," என்றான் மகன்காரன்.

"வேணாம்ணே," என்றான் ரேடியோ ரத்தத்தைத் துப்பியபடி. "அங்க ஒண்ணும் இல்லை. உங்க பிடிதான் வீணாப் போகும்."

வக்கீலம்மா இருவரையும் தாண்டி உள்ளே போனார். தரையில் முதலாளி கிடந்தார். ஆள் நல்ல கட்டுமஸ்து. திறந்த கண்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. இடது மார்பில் உளி செங்குத்தாக நின்றது. தலைமாட்டில் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தார். அவர் அழவில்லை. கணவரின் முகத்தையும் பார்க்கவில்லை. தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஷினை நிறுத்துப்பா," என்றார் வக்கீலம்மா.

"எதுக்கு?"

"எனக்குக் காது கேக்கலை. நான் சொல்றது உனக்கும் கேக்காது."

"மச்சான், இவங்க பேச்சை எல்லாம் கேட்டுக்கிட்டு நிக்காதே," என்றான் மாப்பிள்ளை. "போலீஸ் வந்தா இவனைப் பத்திரமாக் கூட்டிட்டுப் போய் சோறு போட்டு வச்சிருப்பாங்க. தள்ளி விடு கையை!"

"உன் சித்தப்பாதான் செஞ்சார்னு தெரிஞ்சா நான் இந்த வாசலை விட்டுப் போயிடறேன்," என்றார் வக்கீலம்மா. மாப்பிள்ளை அங்கே இருப்பதாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை. "தப்பான கையை அறுத்துட்டா உன்கிட்ட ஒட்டவைக்கற பசை இருக்கா?"

மகன்காரன் பல்லைக் கடித்தான். பிறகு காலால் ஒரு பொத்தானை உதைத்தான். ரம்பம் முனகிக்கொண்டே நின்றது.

அந்த அமைதி சத்தத்தைவிட மோசமாக இருந்தது. மேஜைமேல் கிடந்தவரின் மூச்சு மூக்கு ரத்தத்தில் குமிழி விடுவது கேட்டது. வக்கீலம்மா பிணத்தின் அருகே குந்தி உட்கார்ந்தார். உளியையே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ரேடியோவுக்கு அந்த மௌனம் பழகியதுதான். இருந்தும் ஒவ்வொரு முறையும் கிணற்றுக்குள் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தத்துக்குக் காத்திருப்பது போலிருக்கும்.

அவன் தோளைப் பிடித்தபடி எழுந்தான். பிடியைப் பார்த்தான். கறுத்து வழவழத்த எட்டுப்பட்டைப் பிடி, அடியில் வளையமாகப் பித்தளைப் பூண். கட்டை விரல் அழுந்தும் இடத்தில் பல காலத்துக் குழிவு.

"இது சித்தப்பன் பிடிதான்," என்றான் மகன்காரன். "கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். அவனைக் கேட்டா வாயே திறக்கலை. இல்லைன்னுகூடச் சொல்லலை. எவ்வளவு அடிச்சும்!"

"பிடி அவருதுதான். நான் கேக்கறது வேற. ஒரு உளிக்குப் பிடி எப்படிப்பா போடுவே?"

"என்னது?"

"உன் தொழில்தானே. சொல்லு."

அவன் முறைத்தான். ஆனால் தொழிலைப் பற்றிக் கேட்டால் கோபத்திலும் சிலருக்கு வாய் தானாக வந்துவிடும். "பிடிக்குள்ள துளை போடுவோம், உளியோட வால் இருக்கே, பின்னால நீட்டிக்கிட்டிருக்கிற கூர்முனை, அதைவிட ஒரு நூல் இறுக்கமா. வாலைச் சொருகிக் கையால அமுக்கினா முக்காலே மூணு வீசம் போகும். மிச்சத்தை மரக் கொட்டாப்புளியால அடிச்சு இறக்கணும். பூண் போய் உளியோட தோள்ல, வால் தொடங்கற எடத்துல, உக்காரணும். நடுவுல வெளிச்சம் தெரியக் கூடாது."

"இதுல தெரியுதே."

மகன்காரன் குனிந்தான். கோடாலிப் பிடியைக் கீழே வைக்காமலே முழங்காலில் அமர்ந்து, அப்பாவின் நெஞ்சுக்கு மேலே முகத்தைக் கொண்டுபோனான். பித்தளைப் பூணுக்கும் உளியின் தோளுக்கும் நடுவே, சுண்டுவிரல் நகம் நுழையும் அளவுக்கு வாலின் இரும்பு தெரிந்தது.

"குத்தின வேகத்துல லூஸாகியிருக்கும்," என்றான் மாப்பிள்ளை.

"குத்தினா பிடி மேல வருமா, கீழ போகுமா?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"கீழதான் போகும்," என்றான் மகன்காரன் மெல்ல. "நெஞ்செலும்பு வரைக்கும் இறங்கியிருக்கு. அவ்வளவு வேகத்துல குத்தினா, இறங்காத பிடியும் இறங்கியிருக்கும்."

"பிடிச்சு இழுத்துப் பாரு. உளியை இல்லை, பிடியை மட்டும்."

"போலீஸ் வர்றதுக்கு முன்னாடி அதைத் தொட்டா..." என்று ரேடியோ தொடங்கினான்.

"ஆளையே மேஜைல கட்டி வச்சிருக்காங்க. பிடியைத் தொட்டதுக்கா கேக்கப் போறாங்க?"

மகன்காரன் கோடாலிப் பிடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் உளியின் தோளைப் பற்றி, வலது கையால் பிடியைத் திருகினான். அது குடுவையின் மூடியைப் போல நெகிழ்ந்து அவன் கையோடு வந்துவிட்டது. அவன் அதை நம்ப முடியாமல் பார்த்தான்.

"சித்தப்பன் போட்ட பிடி கையால கழறாது," என்றான். அது யாருக்கும் சொன்னதில்லை. "சுத்தியலால தட்டினாலும் ஒரு பாட்டம் அழ வச்சுட்டுத்தான் கழறும்."

பிடியின் வெளிப்புறம் சுத்தமாக இருந்தது. ஆனால் அதன் துளை வாயில் கருஞ்சிவப்பாக ஒட்டியிருந்தது. உளியின் மொட்டை வால் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. ஊசிபோல் கூரான அந்த முனையிலிருந்து பாதி வரை உலர்ந்த ரத்தம்.

ரேடியோ எட்டிப் பார்த்தான். "பிடிக்குள்ள ரத்தமா? பிடிக்கு என்னங்க காயம்?"

"அதேதான்," என்றார் வக்கீலம்மா. "குத்துப்பட்டவர் ரத்தம் கீழ, சட்டையில இருக்கு. உளியோட தோள் வரைக்கும்கூட ஏறலை. அதைத் தாண்டி மேல, பிடிக்குள்ள, எப்படிப் போச்சு? ரத்தம் பட்டப்ப இந்தப் பிடி இதுல இல்லை. வேற பிடியால குத்தினாங்க. அது போயிடுச்சு. அப்புறம் யாரோ நின்னுக்கிட்டிருக்கிற உளிக்கு இதை மாட்டியிருக்காங்க."

"அது என்ன பிடி? எங்க போச்சு?" என்றான் ரேடியோ.

வக்கீலம்மா மகன்காரனைப் பார்த்தார். பதில் அவனிடம் இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவனுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

அவன் எழுந்து சாணை பிடிக்கும் மேஜைக்குப் போனான். அங்கே பழைய உளிகள் சில வரிசையாகக் கிடந்தன. எல்லாவற்றிலும் சொரசொரப்பான வெள்ளை மரப்பிடி. "தீட்டறதுக்காக மாட்டுற ஓட்டைப் பிடி. பூண் கிடையாது. தீட்டி முடிச்சதும் கழட்டி அடுத்ததுக்கு மாட்டுவோம். இதை வச்சு ஒரு தட்டுகூடத் தட்ட மாட்டோம். தட்டினா பிளந்துடும்."

"பிளந்தா?" என்று கேட்டார் வக்கீலம்மா.

அவன் ஒரு உளியை எடுத்தான். ஓங்கிக் குத்துவது போல் பிடித்தான். பிறகு தன் உள்ளங்கையை விரித்து, அதன் நடுப்பகுதியைப் பார்த்தான்.

"வால் கையில ஏறிடும். உள்ளங்கையில துளை விழும்," என்றான்.

எல்லோரும் ஒரே சமயத்தில் மாப்பிள்ளையின் கையுறைகளைப் பார்த்தார்கள்.

"என்ன? என்ன பாக்கறீங்க? சாயம் அது! கை வெந்துடும்னு போட்டிருக்கேன்!"

"இப்ப சாயம் பூசலையே மாப்ள," என்றான் மகன்காரன். "கழட்டு."

"மச்சான், உன் தங்கச்சி புருஷன்டா நான்!"

"கழட்டுடா!"

மாப்பிள்ளை ஒரு அடி பின்னால் போனான். அவன் கை பின்னால், பிடி போட்டு முடித்த கருவிகள் இருந்த மேஜையைத் துழாவியது. திரும்பியபோது அதில் ஒரு கைக்கோடாலி இருந்தது. கதவுக்கும் அவனுக்கும் நடுவே நின்றது ரேடியோ மட்டும்தான். கோடாலி பக்கவாட்டில் வீசி வந்தது. ரேடியோ குனிந்தான், தலைமுடி சிலிர்க்கிற அளவுக்குக் கிட்டத்தில் அது போய்க் கதவு நிலையில் பாதி வரை புதைந்தது. அதைப் பிடுங்க மாப்பிள்ளை இழுத்தான். புதிதாகப் போட்ட பிடி, நன்றாகப் போட்ட பிடி. அசையவில்லை. ரேடியோ மரத்தூள் மூட்டையைத் தூக்கி அவன் முகத்தில் கொட்டினான். அவன் இருமுவதற்குள் மகன்காரனின் கோடாலிப் பிடி அவன் முழங்கால் பின்புறத்தில் இறங்கியது, பிறகு விலாவில், பிறகு மறுபடி விலாவில். உள்ளே ஏதோ முறிந்தது வெளியே கேட்டது.

"போதும்," என்றார் வக்கீலம்மா.

மகன்காரன் நிறுத்தவில்லை. இன்னும் ஒரு அடி போட்டுவிட்டுத்தான் குனிந்து கையுறைகளை உருவினான். உள்ளங்கைகள் சாயத்தில் ஊறிக் கறுத்திருந்தன. ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் இடது கையுறையிலிருந்து ஏதோ தரையில் விழுந்து உருண்டது. பச்சைக் கல் வைத்த தடித்த மோதிரம்.

"அப்பா மோதிரம்," என்றான் மகன்காரன்.

"கிடந்தாருடா... இறந்து கிடந்தாரு... யாராவது எடுக்கத்தான் போறாங்கன்னு..." மாப்பிள்ளை வாயில் நுரையும் தூளுமாக முனகினான்.

"சபாஷ்," என்றான் ரேடியோ. "பொணத்துக்கிட்டத் திருடின கையோட நியாயம் கேட்டிருக்கான். இவனுக்காகவா என் மண்டை ரெண்டாகப் பார்த்துச்சு?"

திருடன். ஆனால் கொலைகாரன் இல்லை. மகன்காரன் கிழிசலை அவிழ்த்துத் தன் இரண்டு உள்ளங்கைகளையும் தானாகவே விரித்துக் காட்டினான். முட்டியில்தான் காயம், உள்ளே ஒன்றுமில்லை. முதலாளியின் மனைவி முழங்காலிலிருந்து பார்வையை எடுக்காமலே கைகளைத் திருப்பி வைத்தார். அவற்றிலும் ஒன்றுமில்லை. வக்கீலம்மா ரம்ப மேஜைக்குப் போய், கட்டிக் கிடந்தவரின் மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார். கயிறு இறுக்கி நீலம் பாரித்த கைகள். காய்த்துப்போன தோல். துளை இல்லை.

"பார்த்தீங்களா, அவர் குத்தலை," என்றான் ரேடியோ. "கயிறை அவுருண்ணே."

"அப்ப அவன் ஏன் வாயைத் திறக்கலை?" மகன்காரனின் குரல் உடைந்தது. "நான் செய்யலைடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இவ்வளவு... ஏன் சொல்லலை?"

வக்கீலம்மா மறுபடியும் மௌனத்துக்குள் போனார். மகன்காரனிடமிருந்து வாங்கிய கறுப்புப் பிடியைக் கையில் புரட்டிக்கொண்டே இருந்தார். ரேடியோ அவர் பார்வையைத் தொடர்ந்தான். பிணத்தின் விலாவுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் எட்டும் தூரத்தில், ஒரு கொட்டாப்புளி கிடந்தது. பழைய, கனத்த மரக் கொட்டாப்புளி.

"இது இங்கயே கிடக்கு," என்றார் அவர் கடைசியில். "ஒரு தட்டு தட்டியிருந்தா பிடி இறங்கியிருக்கும். வெளிச்சம் தெரிஞ்சிருக்காது. நான் இந்நேரம் வாசலைத் தாண்டிப் போயிருப்பேன். பிடி மாட்டினவருக்கு அது தெரியாதா? தெரியும். பிடி மாட்டியே வாழ்ந்தவர். அப்ப ஏன் தட்டலை?"

அவர் பிடியைக் கொட்டாப்புளியின் பக்கத்தில் வைத்தார்.

"ஒருத்தரை உளியால குத்தினவங்களுக்கு அதுமேல இன்னொரு தட்டு தட்டறது பெரிய காரியமில்லை. அடுத்தவர் மேல பழி போடணும்னு திருட்டுத்தனமா மாட்டினவங்களும் தட்டியிருப்பாங்க. தட்டாம விட்டவர் ஒருத்தர்தான். அந்த உளி நிக்கறது தன் கூடப்பிறந்தவன் நெஞ்சுல. செத்தவன்தான், வலிக்காதுதான். ஆனாலும் அதுமேல அடிக்கக் கை வரலை." அவர் மேஜையின் பக்கம் குனிந்தார். "கொட்டாப்புளியை எடுத்தீங்க. அப்புறம் கீழ வச்சுட்டீங்க. இல்லையா?"

கட்டிக் கிடந்தவரின் திறந்திருந்த ஒரு கண் மூடிக்கொண்டது. அதன் ஓரத்தில் நீர் கோத்தது. வீங்கிய உதடுகள் முதன்முறையாக அசைந்தன.

"போதும்மா," என்றார். "விட்டுடுங்க. நான்தான். அறுக்கச் சொல்லுங்க."

"தன் பிடியைத் தானே மாட்டினாரா?" என்றான் ரேடியோ. "தன்மேலயே பழி போட்டுக்கிட்டா? யாருக்காக..."

சொல்லிமுடிப்பதற்குள் அவனுக்கே தெரிந்துவிட்டது. பட்டறையில் விரியாத கை இன்னும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கூடவே நடந்து வந்த கை. அழைக்க வந்தவளைச் சந்தேகிக்க வேண்டும் என்று அவனுக்கு இத்தனை நேரமும் தோன்றவே இல்லை.

தம்பி மனைவி துணிக்கட்டைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். அவசரம் காட்டவில்லை. கடைசிச் சுற்று காய்ந்து ஒட்டியிருந்தது. அதைப் பிய்த்தபோதுகூட அவள் முகம் சுளிக்கவில்லை. உள்ளங்கையின் நடுவே ஒரு துளை. அதிலிருந்து புதிதாக ரத்தம் ஊறி மணிக்கட்டுக்கு ஓடியது.

"வேண்டாம்டி," என்றார் மேஜையில் கிடந்தவர்.

"நீங்க சும்மா இருங்க. நீங்க சும்மா இருந்தது போதும்." அவள் மகன்காரனைப் பார்த்தாள். "வச்சிரப் பானை கவிழ்ந்துடுச்சுப்பா. நான்தான் தட்டி விட்டேன். அதுக்கு உங்கப்பா கோடாலிப் பிடியை எடுத்தாரு. எப்பவும் எடுக்கறதுதானே? நான் திரும்பி முதுகைக் காட்டுவேன், அடிச்சுட்டுப் போயிடுவாரு. இன்னைக்குத் திரும்ப முடியலை. போன அடி இன்னும் ஆறலை, சீழ் வச்சிருக்கு. தீட்டிக்கிட்டிருந்த உளி கையிலயே இருந்துச்சு. பிடி பிளந்து என் கையிலயும் ஏறிச்சு. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கத்தினோம். ரம்பம் ஓடிக்கிட்டிருந்துச்சு, யாருக்கும் கேக்கலை."

"பிளந்த பிடி?" என்று மெதுவாகக் கேட்டார் வக்கீலம்மா.

"இவர்தான் முதல்ல வந்து பார்த்தாரு. அதை எடுத்து வச்சிரம் காய்ச்சற அடுப்புல போட்டுட்டாரு. கையைக் கட்டிட்டு வீட்டுக்குப் போன்னு விரட்டினாரு. தன் பிடியை மாட்டப் போறாருன்னு எனக்குத் தெரியாது. இவங்க இவரை அடிக்கறப்பதான் பார்த்தேன். சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன். இவர் என்னைப் பார்த்த பார்வையில நாக்கு ஒட்டிக்கிச்சு. அதான் உங்ககிட்ட ஓடி வந்தேன். நான் சொல்லாமயே இவரை நீங்க காப்பாத்திடுவீங்கன்னு ஒரு அற்ப ஆசை."

மகன்காரனின் கோடாலிப் பிடி தலைக்கு மேலே போனது. அவன் அவளை நோக்கி இரண்டு எட்டு வைத்தான். மேஜையில் கிடந்தவர் ஊளையிட்டார். கயிறு தோலை உரிக்க, மேஜையே தரையில் இடம்பெயர்ந்தது. ரேடியோ பாய்ந்தான், ஆனால் அடிபட்ட தோள் ஒத்துழைக்கவில்லை. தம்பி மனைவி விலகவில்லை. முதுகையும் காட்டவில்லை. நிமிர்ந்து நின்றாள்.

"டேய்."

முதலாளியின் மனைவி எழுந்திருக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. இப்போதுதான் முதன்முறையாக முழங்காலிலிருந்து கண்ணை எடுத்து மகனைப் பார்த்தார்.

"அடி. அடிச்சுட்டு வந்து இவர் நாற்காலியில உக்காரு. சட்டைகூட உனக்குச் சரியா இருக்கும்."

பிடி மேலேயே நின்றது. மகன்காரன் தலையைத் தூக்கித் தன் கையைப் பார்த்தான், அது யாருடைய கையோ என்பது போல. எவ்வளவு நேரம் அப்படி நின்றான் என்று ரேடியோவால் பிறகு சொல்ல முடியவில்லை. பிடி தரையில் விழுந்து கடகடவென்று உருண்டது. அவன் மேஜைக்குப் போனான். முடிச்சு விரலுக்கு மசியவில்லை. பல்லை வைத்து இழுத்தான். சித்தப்பனின் கைகள் விடுபட்டுச் செத்த மீன்களைப் போல் மேஜையில் சரிந்தன. அவன் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துத் தேய்த்தான், ரத்தம் திரும்பும்வரை.

வெளியே ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்தார். தரையில் பிணம், மூலையில் விலா முறிந்த மாப்பிள்ளை, கதவு நிலையில் கோடாலி, எல்லோர் மேலும் ரத்தம். அவர் சிறிது நேரம் எதை முதலில் கேட்பது என்று தெரியாமல் நின்றார்.

"யார் செஞ்சது?"

"நான்தான்," என்றாள் தம்பி மனைவி.

"நான்தான்," என்றார் தம்பிக்காரர் அதே மூச்சில்.

"இவங்கதான் சார்," என்றார் வக்கீலம்மா, பெண்ணைக் காட்டி. அதைச் சொல்ல அவருக்குப் பிடிக்கவில்லை என்பது ரேடியோவுக்குத் தெரிந்தது. "ஆனா முதல்ல ஓங்கினது செத்தவர்."

"அடிக்க வந்தாரு, அதனால குத்தினேன்... இப்படித்தான் எல்லாரும் சொல்வாங்க." இன்ஸ்பெக்டர் சலிப்போடு சுற்றிலும் பார்த்தார். "செத்தவர் வந்து மறுக்கப் போறதில்லை. அவர் அடிக்கற ஆளுதான்னு சொல்ல இங்க யார் இருக்கா? வெளியாளு இல்லை. அவர் ஆளுங்க. அவர் ரத்தம். யாராவது?"

முதலாளியின் மனைவி மகனைப் பார்த்தார். தம்பி மனைவி தரையைப் பார்த்தாள்.

மகன்காரன் சித்தப்பனின் கையை மெல்ல மேஜைமேல் வைத்தான். இன்ஸ்பெக்டரின் முன்னால் வந்து நின்றான். ஒரு வார்த்தையும் சொல்லாமல் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினான். சட்டையைத் தோளிலிருந்து உருவிக் கீழே போட்டுவிட்டு, மெதுவாகத் திரும்பி, தழும்பேறிய முதுகைக் காட்டி நின்றான்.